சத்தம் வர்ற மாதிரி விளக்கின பல்லு

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிச்சுட்டு யாராவது அழுது பார்த்திருக்கீங்களா? நம்ம ஆள் அழுதார்.

போன சித்திரை. வெயில் மண்டையைப் பிளக்குற மத்தியானம். டம்ளர் மேல இருந்த ஐஸ்கிரீமை ஒரு ஸ்பூன் எடுத்து வாயில வெச்சதுதான் தெரியும். மேல் வரிசை இடது பக்கத்துல ஒரு மின்னல் கிளம்பி, காது வழியா உச்சி மண்டைக்கு ஏறிப் போச்சு. கண்ணுல தண்ணி. பக்கத்துல நின்ன பையன், "என்னண்ணே, ரொம்பக் காரமோ?"ன்னு கேட்டான். (மதுரைல நக்கலுக்குத் தனியா காசு கிடையாது.)

நம்ம ஆள் யாருன்னு கேட்காதீங்க. இதை எழுதுற விரலும் அந்தக் கூசுற பல்லும் ஒரே உடம்புல இருக்குன்னா அது தற்செயல். வயசு 43. உத்தியோகம், ஒரு மனைவி, ஆறு வயசுல ஒரு பொண்ணு, கூடவே அம்மா. பல்லு விஷயத்துல அவருக்கு ஒரு கர்வம் உண்டு. நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து ஒருநாள் கூட பல் விளக்காம காபி குடிச்சதில்ல. காய்ச்சல்ல கிடந்தப்பவும், ரயில்ல போனப்பவும், கல்யாண மண்டபத்துல முப்பது பேருக்கு ஒரு குழாய்னு இருந்தப்பவும் விளக்கினார்.

அதுவும் சும்மா இல்ல. கடையில போய், "இருக்குறதுலயே ஹார்டா ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டு வாங்குன பிரஷ். கைப்பிடியை முஷ்டியில பிடிச்சு, இடமும் வலமுமா, ரம்பம் அறுக்குற மாதிரி. மூணே வாரத்துல பிரஷ்ஷோட நார் செம்பருத்திப் பூ மாதிரி விரிஞ்சிரும். அதைப் பார்த்து அவருக்குப் பெருமை வேற. அம்மாவோட இலக்கணம் அப்படி: பின்கட்டுல விளக்குனா அடுப்படி வரைக்கும் சத்தம் கேக்கணும். கேக்கலைன்னா அது விளக்குனதுல சேர்த்தி இல்ல.

அந்த அம்மா வந்த வழியும் அப்படித்தான். அவங்க சின்னப் பிள்ளையில உமிக்கரி. கொஞ்சம் வசதி வந்ததும் செங்கல் நிறப் பொடி, ரோஸ் கலர் நஞ்சன்கூடு பல்பொடி. ஆள்காட்டி விரல்தான் பிரஷ். சில ஊர்ல பல்பொடியில புகையிலையே கலந்திருக்கும். விளக்கி முடிச்சதும் லேசா ஒரு கிறுகிறுப்பு வரும், அதுக்காகவே ஒரு நாளைக்கு நாலு தடவை விளக்குனவங்க இருந்தாங்க. 1992-ல மத்திய அரசு புகையிலை கலந்த பல்பொடி, பேஸ்டையெல்லாம் தடை பண்ணுச்சு. ஆலும் வேலும்னு பழமொழி சொல்றவங்களும் நம்ம வீட்டுல உண்டு. (ஒரு எச்சரிக்கை: அந்த வேல், நாட்டுக் கருவேலம். இப்ப ரோட்டோரம் பூராவும் மண்டிக் கிடக்குறது சீமைக்கருவேலம். பழமொழியை நம்பி அதை ஒடிச்சு வாயில வெச்சுராதீங்க.)

சரி, கதைக்கு வருவோம். தெருமுனை டாக்டரம்மா நாற்காலியில சாய வெச்சு, லைட்டை இழுத்து, ஒரு குட்டிக் கண்ணாடியை உள்ள விட்டுப் பார்த்தாங்க. நம்ம ஆள் பாராட்டுக்கு ரெடியா இருந்தார். அவங்க சொன்னது இது:

"சார், நீங்க பல்லு விளக்கல. பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்க்கிற மாதிரி தேய்ச்சிருக்கீங்க."

கைக்கண்ணாடியைக் குடுத்துக் காட்டுனாங்க. பல்லும் ஈறும் சேர்ற இடத்துல, கோடாலி போட்ட மாதிரி ஒரு வெட்டு. ஒண்ணுல இல்ல, வரிசையா நாலு பல்லுல. அதுவும் இடது பக்கம்தான் அதிகம். வலது கைக்காரங்க பல பேருக்கு இடது பக்கம்தான் முழு வேகமும் விழுமாம்.

பல்லுக்கு மேல இருக்குற எனாமல், மனுஷ உடம்புலயே கடினமான பொருள். எலும்பை விடக் கடினம். கிட்டத்தட்ட 96 சதவீதம் தாதுப்பொருள். ஆனா அதைக் கட்டுன செல்கள் பல்லு முளைக்கிறப்பவே வேலையை முடிச்சுட்டுச் செத்துப் போயிருது. அதனால தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான், நகம் மாதிரி திரும்ப வளராது. எனாமலுக்குக் கீழ டென்டைன்னு ஒரு அடுக்கு, அது பூரா கண்ணுக்குத் தெரியாத குழாய்கள், குழாய்க்குள்ள திரவம். அந்தக் குழாயோட வாய் திறந்துகிட்டா, ஜில்லுனு எது பட்டாலும் உள்ள இருக்குற திரவம் சட்டுனு நகரும். உள்ளே உட்கார்ந்திருக்குற நரம்பு அலறும். விளக்குத்தூண் மின்னலுக்குக் காரணம் இதுதான்.

அதோட விட்டாங்களா? கீழ் கடவாய்ல ரெண்டு சொத்தை, முன்பக்க ஈறுல வீக்கம், உள்பக்கம் கல்லா இறுகிப் போன அழுக்கு, அதாவது காறை. நம்ம ஆளுக்கு நிஜமாவே கோபம் வந்துருச்சு. "டெய்லி விளக்குறேன் மேடம்!"

"எப்போ?"

"காலைல."

"நைட்டு?"

மௌனம். (நீங்களும் இப்ப மௌனமாத்தான் இருக்கீங்க, தெரியுது.)

தினமும் தவறாம ஒரு காரியத்தைப் பண்றதும், அதைச் சரியாப் பண்றதும் வேற வேறன்னு 43 வயசுல தெரிஞ்சா எரிச்சல் வராதா? இந்த எரிச்சல்ல நம்ம ஆளுக்கு ஒரு கூட்டாளி உண்டு. ஹாலந்துல டெல்ஃப்ட்னு ஒரு ஊரு, அங்க லேவன்ஹூக்னு ஒரு ஜவுளி வியாபாரி. துணியோட இழையை எண்ணுறதுக்கு லென்ஸ் பிடிச்சவர், பிறகு கண்டதையெல்லாம் லென்ஸ்ல பார்க்க ஆரம்பிச்சார். 1683-ல லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதுறார்: நான் தினமும் காலைல உப்பு வெச்சுப் பல்லைத் தேய்க்கிறவன், பல்லு சுத்தமா இருக்கும், ஆனாலும் பல்லிடுக்குல வெள்ளையா மாவு மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்குன்னு. அதைச் சுரண்டி லென்ஸ்ல வெச்சா, குட்டிக் குட்டியா உயிருங்க துள்ளி விளையாடுது! வாய்க்குள்ள இருக்குற பாக்டீரியாவை மனுஷன் கண்டது இப்படித்தான், அதுவும் ஒழுங்காப் பல் விளக்குற ஒருத்தர் வாயில.

அந்த மாவுக்குப் பேரு பிளேக். நாம திங்கிற சர்க்கரைதான் அதுக்கும் சோறு. தின்னுட்டு அமிலத்தை விடும். அமெரிக்காவுல ராபர்ட் ஸ்டீஃபன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1940-கள்ல இதை அளந்து காட்டுனார். இனிப்பு பட்ட சில நிமிஷத்துலயே பல்லு மேல அமிலத்தன்மை ஏறிருது, பிஎச் 5.5-க்குக் கீழ போயிருது. அந்தக் கோட்டுக்குக் கீழ எனாமல் கரைய ஆரம்பிக்கும். உமிழ்நீர் வந்து கழுவி, பழைய நிலைக்குக் கொண்டு வர அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் ஆகும். ராத்திரி தூக்கத்துல உமிழ்நீர் சுரக்குறது ரொம்பக் குறைஞ்சிரும். கழுவ ஆள் கிடையாது. ராத்திரி விளக்கலைன்னா, கிருமிக்கு விருந்து வெச்சு, காவல்காரருக்கு லீவும் குடுத்த மாதிரி.

டாக்டரம்மா அடுத்து, எத்தனை ஸ்பூன் சர்க்கரைன்னு கேக்கல. எத்தனை தடவைன்னு கேட்டாங்க. நம்ம ஆள் விரலை மடக்குனார்: எழுந்ததும் டீ, டிபனுக்கு காபி, 11 மணிக்கு டீயும் ரெண்டு பிஸ்கட்டும், சாப்பாட்டுக்கு மேல கடலைமிட்டாய், 4 மணிக்கு டீ, வீட்டுக்கு வந்ததும் ஒண்ணு, படுக்கும்போது சர்க்கரை போட்ட பால். ஏழு. அதாவது ஏழு தடவை அமிலம், ஏழு தடவை கழுவல். ஒரு கழுவல் முடியுறதுக்குள்ள அடுத்த டீ.

இந்த 'எத்தனை தடவை' கணக்கை உலகத்துக்குச் சொல்லிக் குடுத்த ஆராய்ச்சி கொஞ்சம் வயித்தைக் கலக்குற கதை. ஸ்வீடன்ல லுண்ட் நகரத்துல விபேஹோல்ம்னு, மனவளர்ச்சி குறைஞ்சவங்களுக்கான ஒரு பெரிய மருத்துவமனை. 1940-கள்ல அங்கிருந்தவங்களுக்கு வேணும்னே, பல்லுல நல்லா ஒட்டிக்கிற மாதிரி தயாரிச்ச டாஃபியைக் குடுத்துப் பார்த்தாங்க. சிலருக்கு நாளைக்கு 8, சிலருக்கு 24. சாப்பாட்டோட சேர்ந்து வந்த சர்க்கரை பெருசாக் கெடுக்கல. சாப்பாட்டுக்கு நடுவுல சும்மா சும்மா மென்ன டாஃபிதான் பல்லைத் தின்னுருச்சு. முடிவு 1954-ல வெளிவந்துச்சு. ஸ்வீடன்காரங்க பிள்ளைகளுக்கு சனிக்கிழமை மட்டும் மிட்டாய்ங்கிற வழக்கத்துக்கு மாறுனாங்க. அந்த நோயாளிகள்கிட்ட யாரும் சம்மதம் கேக்கல. அவங்களால சொல்லியிருக்கவும் முடியாது. கிடைச்ச அறிவு உண்மைதான், ஆனா அது யாரோட பல்லுல இருந்து வந்துச்சுங்கிறதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

ஈறு விஷயம் இதை விட ரகசியமானது. விளக்குறப்ப ரத்தம் வந்தா நம்ம ஆள் என்ன பண்ணுவார்? 'பாவம், புண்ணு'ன்னு அந்த இடத்தை மட்டும் விட்டுருவார். (நியாயமாத்தானே தோணுது?) அது தலைகீழ். ரத்தம் வர்ற இடம்தான் சரியா சுத்தமாகாத இடம். 1965-ல டென்மார்க்குல ஹரால்ட் லோங்கிற பல் மருத்துவ ஆராய்ச்சியாளர், ஈறு நல்லா இருந்த 12 பேரைப் பல் விளக்குறதை நிறுத்தச் சொன்னார். பெரும்பாலும் அவரோட கல்லூரி மாணவர்கள்தான். 10-ல இருந்து 21 நாளுக்குள்ள எல்லாருக்கும் ஈறு வீங்கிருச்சு. திரும்ப விளக்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் பத்து நாள்ல சரியாயிருச்சு.

அதே லோ அடுத்துப் போன இடம் நமக்குப் பக்கம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்கள்.

1970-ல அங்க ரெண்டு தோட்டங்கள்ல, 14-ல இருந்து 31 வயசு வரைக்கும் 480 ஆண் தொழிலாளிகளோட வாயைப் பரிசோதிச்சாங்க. நம்ம தமிழ் ஆளுங்க. பிரஷ் பழக்கமே கிடையாது, பல் டாக்டரைப் பார்த்ததே கிடையாது. ஆச்சரியம் என்னன்னா, சொத்தைப் பல்லு அவங்ககிட்ட அநேகமா இல்லவே இல்ல. ஆனா எல்லார் ஈறும் வீக்கம், பல்லைச் சுத்தி காறை. 15 வருஷம் திரும்பத் திரும்பப் போய் அளந்தாங்க. 1986-ல வந்த கணக்கு: 100-க்கு 8 பேருக்கு நோய் வெறி பிடிச்ச மாதிரி ஓடுச்சு, 45 வயசுக்குள்ள வாய் காலி. 81 பேருக்கு மெதுவா. மீதி 11 பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி ஒண்ணும் ஆகல.

'எங்க தாத்தா பல்லே விளக்க மாட்டாரு, 80 வயசுல கரும்பு கடிச்சாரு'ன்னு ஒவ்வொரு குடும்பத்துலயும் ஒரு கதை உண்டுல்ல? தாத்தா அந்த 11-ல ஒருத்தர். பேரன் எந்தக் கணக்குல வருவான்னு கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏன்னா இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது. பல்லு ஆடுறப்பத்தான் தெரியும்.

அந்த ஆய்வுக்கு 'இயற்கைப் போக்கு'ங்கிற அர்த்தத்துல பேரு வெச்சாங்க. ஒப்பிட்டுப் பார்த்தது, சின்ன வயசுல இருந்து பல் மருத்துவம் கிடைச்ச ஆஸ்லோ மாணவர்களையும் படிச்சவங்களையும். தோட்டத்துல பிறந்தா பல் டாக்டர் கிடையாது, இதுல இயற்கை எங்க வந்துச்சு? 40 வருஷம் கழிச்சு, 2010-ல தேடிப் போனப்ப அந்த 480 பேர்ல 75 பேரைத்தான் திரும்பப் பரிசோதிக்க முடிஞ்சுது. 30 வயசு வாக்குலயே பல்லைச் சுத்தி ஈறோட பிடிமானம் அதிகமா விட்டுப் போனவங்கதான் பின்னாடி பல்லை அதிகமா இழந்திருந்தாங்க. உலகத்துல இருக்குற பல் மருத்துவப் பாடப் புத்தகங்கள்ல அந்த 8-81-11 இருக்கு. வாயைத் திறந்து காட்டுனவங்க பேரு இல்ல.

இப்ப, நம்ம ஆளோட திருந்தும் படலம். இது நேர் ரோட்டுல போகல.

முதல்ல கிராம்புத் தைலம். ரெண்டு நாள் மரத்துச்சு, நாக்கும் சேர்ந்து. அப்புறம் சொந்தக்காரர் பேச்சைக் கேட்டு நல்லெண்ணெய் கொப்பளிப்பு. வாஷ்பேசின்ல துப்பித் துப்பி மூணாவது வாரம் குழாய் அடைச்சுகிச்சு. "என்னங்க, தாளிக்கிறதா இருந்தா அடுப்படில தாளிங்க"ன்னு வீட்டம்மா சொன்னதோட அது முடிஞ்சுது. (பண்றதுன்னா பண்ணுங்க, ஆனா பிரஷ்ஷுக்குப் பதிலா பண்ணாதீங்கன்னுதான் டாக்டரம்மா சொன்னாங்க.) அடுத்து கறுப்புக் கலர் கரி பேஸ்ட். அம்மாவோட உமிக்கரி கோட்டு சூட்டு போட்டுத் திரும்பி வந்திருக்கு. அது பல்லை வெளுக்கும், நல்லது பண்ணும்னு சொல்றதுக்குப் போதுமான ஆதாரம் இல்லைன்னு அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தோட இதழ்ல 2017-லயே ஒரு ஆய்வுத் தொகுப்பு வந்தாச்சு. ஏற்கனவே தேய்ஞ்ச பல்லுல கரியைப் போட்டுத் தேய்க்கிறதுக்கு ஒரு துணிச்சல் வேணும். அது நம்ம ஆள்கிட்ட இருந்துச்சு.

கூச்சத்துக்குன்னு விக்கிற பேஸ்டை மூணே நாள்ல 'வேஸ்ட்'னு ஓரங்கட்டுனார். அது வேலை செய்ய ரெண்டு, மூணு வாரம் விடாமப் போடணும். ட்யூப்லயே எழுதியிருக்கு. யாரு படிக்கிறா?

ட்யூப்னதும் இன்னொண்ணு. உப்பு, வேம்பு, கிராம்பு, புதினான்னு முன்பக்கம் என்ன படம் போட்டிருந்தாலும் திருப்பிப் பாருங்க. சொத்தையைத் தடுக்குறதுல நிரூபணமான சரக்கு ஃப்ளோரைடு. நம்ம நாட்டு விதிப்படி 1000 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாது, எவ்வளவு இருக்குன்னு மேல போட்டாகணும். சில மூலிகை பேஸ்ட்ல அது இருக்கவே இருக்காது. 'ஃப்ளோரைடு விஷமாச்சே, தர்மபுரிப் பக்கம் பல்லெல்லாம் பழுப்பாச்சே'ன்னு கேப்பீங்க. சரியான கேள்வி. தர்மபுரி, கிருஷ்ணகிரியில ஆழ்துளைக் கிணத்துத் தண்ணியில அது அளவுக்கு மேல. பல்லு முளைக்கிறதுக்கு முன்னாடியே, தினமும் குடிக்கிற தண்ணியில உள்ள போறதால வர்ற கறை அது. அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு, 2013-ல திறந்தாங்க. அமெரிக்காவுல கொலராடோவுலயும் இதே கறைதான். மெக்கேன்னு ஒரு பல் டாக்டர் 1901-ல இருந்து மண்டையை உடைச்சுகிட்டார். காரணம் ஃப்ளோரைடுன்னு 1931-லதான் தெரிஞ்சுது. கறை பிடிச்ச பல்லுல சொத்தை குறைவுன்னு கவனிச்சதும் அவர்தான். குடிதண்ணியில லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாதுங்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட வரம்பு. பேஸ்டை நாம குடிக்கப் போறதில்ல, துப்பப் போறோம்.

துப்புறதுலயும் ஒரு சங்கதி. துப்பினதோட நிறுத்தணும், மூணு சொம்புத் தண்ணி விட்டுக் கொப்பளிச்சா ஃப்ளோரைடெல்லாம் சாக்கடைக்குத்தான். இது நம்ம ஆளுக்கு இன்னைக்கு வரைக்கும் வரல. தொண்டையைக் காறி, நாக்கை வழிச்சு, ஊரைக் கூட்டிக் கொப்பளிச்சு வளர்ந்த ஜீவன். இப்ப அரை சொம்புக்கு இறங்கியிருக்கார்.

பிரஷ் பிடிக்கிறதைத் திரும்பக் கத்துகிட்டதுதான் பெரிய கூத்து. சாஃப்ட் பிரஷ், பேனா பிடிக்கிற மாதிரி பிடி, ஈறும் பல்லும் சேர்ற இடத்துல 45 டிகிரி சாய்ச்சு, சின்னச் சின்ன அசைவு, ரெண்டு நிமிஷம். இந்த முறையைக் கண்டுபிடிச்ச சார்லஸ் பாஸ் பல் டாக்டரே இல்ல. அமெரிக்காவுல குடற்புழு, மலேரியான்னு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த மருத்துவர். தன் ஈறு கெட்டுப் போனதும் அந்தப் பக்கம் திரும்பி, எப்படிப்பட்ட பிரஷ் வேணும்னு 1948-ல கட்டுரையே எழுதிட்டார். நைலான் நார் வெச்ச பிரஷ்ஷே 1938-லதான் கடைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி பன்றி முடி.

பல்லிடுக்குக்குப் பிரஷ் போகாது. அதுக்கு நூலோ, இடுக்கு பிரஷ்ஷோ. நம்ம வீடுகள்ல இதுக்குன்னே ஒரு கருவி உண்டு: அத்தைமார் தாலிச்சரட்டுல கோத்து வெச்சிருக்குற ஊக்கு. சேலைக்கு, சுருக்குப்பைக்கு, பல்லுக்கு, எல்லாத்துக்கும் ஒரே ஊக்கு. ஈறைக் குத்திக் கிழிக்கிறதுல தீக்குச்சி அதுக்குத் தம்பி.

பொண்ணு விஷயத்துல நம்ம ஆள் கொஞ்சம் முழிச்சுகிட்டார். ஆறு வயசு வாக்குல, பால் பல்லு வரிசைக்குப் பின்னாடி ஒரு கடவாய்ப் பல்லு சத்தமில்லாம முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே வர்றதால அதையும் பால் பல்லுன்னு நினைச்சுருவோம். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்லு. 'விழப்போற பல்லுதானே'ன்னு விட்டு, பத்து வயசுல ரூட் கேனல் பண்ண வந்து நிக்கிறவங்க நிறைய பேர்னு டாக்டரம்மா சொன்னாங்க. பேஸ்டும் விளம்பரத்துல வர்ற மாதிரி பிரஷ் முழுக்கப் பாம்பாட்டம் வேண்டாம். மூணு வயசு வரைக்கும் அரிசி அளவு, அதுக்கு மேல பட்டாணி அளவு.

அப்புறம் 'க்ளீன் பண்ணா பல்லு ஆடும்' கட்சி. நம்ம ஆளும் அதுல ஆயுள் உறுப்பினரா இருந்தவர்தான். பல்லுக்கு நடுவுல சிமென்ட் மாதிரி இருந்த காறையை எடுத்ததும் இடுக்கு நாக்குக்குத் தட்டுப்படும், காறை முட்டுக் குடுத்து நின்ன பல்லு இருந்தா அதோட ஆட்டமும் அப்பத்தான் தெரியும். கெடுத்தது காறை, பழி டாக்டருக்கு. செலவு பயம்னா அரசு பல் மருத்துவக் கல்லூரிங்க இருக்கு. சென்னையில 1953-ல ஆரம்பிச்சது, சிதம்பரத்துல ஒண்ணு, 2023-ல திறந்த புதுக்கோட்டை. வீட்டுல சுகர்காரங்க இருந்தா அவங்களை முதல்ல கூட்டிட்டுப் போங்க. சுகர் ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சுகரை ஏத்தும். வெத்தலை பாக்கு போடுறவங்களையும் கூட்டிட்டுப் போங்க. புகையிலை இல்லாட்டியும் பாக்கே புற்றுநோய் தரும்னு சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லயே முதல் வகையில சேர்த்தாச்சு.

நம்ம ஆளுக்கு சொத்தை ரெண்டையும் அடைச்சாச்சு, வெட்டு விழுந்த நாலு பல்லையும் பூசியாச்சு. இனிப்பு ஏழு தடவையில இருந்து நாலு. படுக்குற நேரத்துப் பால்ல சர்க்கரை கட்.

போன வாரம் ராத்திரி பத்து மணி. கண்ணாடி முன்னாடி நின்னு, பேனா பிடியில, 45 டிகிரியில, மனசுக்குள்ள 120 வரைக்கும் எண்ணிட்டு இருந்தார். 90 தாண்டியிருக்கும். ஹால்ல இருந்து அம்மா குரல்:

"ஏண்டா, சத்தத்தையே காணோம்? விளக்குறியா, இல்ல நின்னுகிட்டே தூங்கிட்டியா?"